கண்டிஷன் இன்ஜினியரும் கன்னி மூலைத் தொட்டியும்

தன் மேல் தானே நோட்டீஸ் விட்டு, அதற்குத் தானே காரசாரமாகப் பதில் எழுதி, அந்தப் பதில் திருப்தியாக இல்லை என்று தன்னோடு தானே பேச்சை முறித்துக்கொண்ட மனிதர் சேலத்தில் ஒருவர்தான் உண்டு. இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அப்படி இரண்டு பேரை இந்த மாவட்டம் தாங்காது.

அவருடைய உண்மைப் பெயர் எங்கள் சூரமங்கலத்தில் யாருக்கும் தெரியாது. 'கண்டிஷன் இன்ஜினியர்' என்று சொன்னால் ஜங்ஷன் ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார். சொந்த ஊர் புதுச்சத்திரம். வீடோ, கோழிப் பண்ணையோ, லாரிப் பட்டறையோ எதுவானாலும் படம் போடுவதும் அவரே, கட்டுவதும் அவரே. ஆனால் எதையும் கண்டிஷன் பேசாமல் தொடமாட்டார்.

டீக்கடையில்கூட இப்படித்தான். டம்ளர் மாஸ்டர் கையில் இருக்கும்வரை சிந்தினால் மாஸ்டர் பொறுப்பு, தன் கைக்கு வந்தபின் சிந்தினால் தன் பொறுப்பு என்பதை முதலில் பேசி முடித்துக்கொள்வார். இரண்டு பேர் கையும் டம்ளரில் இருக்கும் அந்த ஒரு நொடியில் சிந்தினால் யார் பொறுப்பு என்பதுதான் தீராத சிக்கல். மாஸ்டர் வெறுத்துப்போய் ஒரு நாள் டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு, "நான் வெச்சுட்டேனுங்க, நீங்க எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்று விலகிக்கொண்டார். கண்டிஷனுக்கு அப்படியொரு சந்தோஷம். ஒப்படைப்பு என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று கடையில் இருந்த எல்லோருக்கும் விளக்கினார். டீ ஆறிப்போனது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போய் மாட்டினேன் என்று கேட்பீர்கள். காரணம் என் ஆபீஸ் நண்பர். ரயில்வே ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர். அவர் வீட்டுக்குப் படம் போட்டது ஒரு இன்ஜினியர், கட்டியது வேறொரு மேஸ்திரி. குடிபோன அன்றைக்கே பாத்ரூம் தண்ணீர் ஹாலுக்கு வந்துவிட்டது. இன்ஜினியரைக் கேட்டால் மேஸ்திரி தரை வாட்டத்தைத் தப்பாக விட்டுவிட்டார் என்பார். மேஸ்திரியைக் கேட்டால் படத்தில் இருந்ததைத்தான் கட்டினேன் என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நண்பர் வைப்பரைப் பிடித்தபடி நிற்பார். இன்றைக்கும் நிற்கிறார். எனவே படம், கட்டடம் இரண்டுக்கும் ஒரே ஆள் வேண்டும், பழி போட அடுத்த ஆளே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். விசாரித்ததில் எல்லா விரலும் கண்டிஷன் பக்கமே நீண்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அக்ரிமென்ட்டோடு வந்தார். காலைப் பலகாரத்தில் தொடங்கிய வாசிப்பு மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டியும் ஓடியது. வீடு எதற்கு என்று கேட்டார். குடியிருக்க என்றேன். அது போதாது என்றார். மாடியில் மாவாட்டுவீர்களா, ஹாலில் பையன்கள் பந்து விளையாடுவார்களா, விசேஷத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே அறையில் படுப்பார்களா என்று குடைந்தார். எந்த உபயோகத்துக்குக் கட்டினாரோ அந்த உபயோகத்துக்கு வீடு தாங்காவிட்டால் அது அவருடைய குற்றமாம். ஆகவே உபயோகம் முழுக்கத் தெரிந்தாகவேண்டுமாம். என் மனைவி சுமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இவரு ஊடு கட்ட வந்தவரா, பொண்ணு கேட்டு வந்தவரா?" என்று என் காதில் கேட்டாள்.

அவள் நிஜமாகவே கோபித்துக்கொண்டது இயற்கைச் சீற்றம் என்ற பத்தியில்தான். வெள்ளம், புயல், நிலநடுக்கம், அதற்கடுத்து 'உறவினர் யோசனை' என்று இருந்தது. எங்கப்பாவைப் புயலோடு சேர்த்து எழுதுகிறார் என்று கண் கலங்கிவிட்டாள். கண்டிஷன் பொறுமையாக விளக்கினார். இவை யாராலும் தடுக்க முடியாதவை, வந்தால் வேலை முடிக்கக் கூடுதல் நாள் கேட்பேன், மற்றபடி யார் மேலும் வருத்தம் இல்லை என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வேலை ஆரம்பித்த பிறகுதான் ஹெல்மெட் விஷயம் தெரிந்தது. கண்டிஷனிடம் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று இருந்தன. வெள்ளையைப் போட்டால் அவர் படம் போட்ட இன்ஜினியர். மஞ்சளைப் போட்டால் கட்டுகிற கான்ட்ராக்டர். இரண்டு பொறுப்பும் ஒரே ஆளிடம் இருந்தால் ஒன்று இன்னொன்றுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும், அதனால் தனித்தனியாக வைத்திருக்கிறேன் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நேரில் பார்த்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது.

வெள்ளை ஹெல்மெட்டோடு மொட்டைமாடியில் குனிந்து பார்ப்பார். "கம்பி இடைவெளி படத்துல இருக்கறாப்பல இல்லீங்களே" என்பார். உடனே மஞ்சளுக்கு மாறி, எதிர்ப்பக்கம் போய் நின்று, "படம் லேட்டா வந்துச்சுங்க" என்பார். மறுபடியும் வெள்ளை. லேட்டாக வந்ததை அப்போதே எழுத்தில் தெரிவித்தீர்களா என்று கேட்பார். மஞ்சள் தலையைக் குனிந்துகொள்ளும். சிமென்ட் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே ஆட்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சித்தாள் வேலைக்கு வந்த ஒரு அம்மா மட்டும் எப்போதும் மஞ்சளுக்குத்தான் பரிந்து பேசுவார். "பாவமுங்க, வெயில்ல நிக்கறவருக்குத்தானே தெரியும்" என்பார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு வாட்ஸ்அப் குழு. உறுப்பினர்கள்: நான், இன்ஜினியர், கான்ட்ராக்டர். பின்னிரண்டும் அவருடைய இரண்டு நம்பர்கள். ஆபீஸில் உட்கார்ந்து ஃபைல் பார்த்துக்கொண்டிருப்பேன், போன் துடித்துக்கொண்டே இருக்கும். படுக்கையறைச் சுவர் தூக்குக்குண்டுக்குச் சரியாக இல்லை, இடிக்கவும் என்று இன்ஜினியர் எழுதுவார். இடிக்க முடியாது, பூச்சில் சரிசெய்துவிடலாம் என்று கான்ட்ராக்டர் எழுதுவார். பூச்சு என்பது குறையை மறைக்க அல்ல என்று இவர். படம் போடுகிறவர்களுக்கு ஏசி அறையில் உட்கார்ந்து எதுவும் பேசலாம் என்று அவர். ஏசி அறை இரண்டு பேருக்குமே கிடையாது. கடைசியில் கான்ட்ராக்டர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார். இன்ஜினியர் அவரைத் திரும்பச் சேர்த்தார். தகராறு வந்தால் முதலில் சமாதானம் பேசவேண்டும் என்று அக்ரிமென்ட்டில் இருந்ததால், வீட்டு உரிமையாளன் என்கிற முறையில் நான் தலையிட்டு அவரை டீக்கடைக்கு அழைத்துப்போனேன். ஒரு டீ சொன்னேன். இரண்டு சொல்லச் சொன்னார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தச் சுவரை அவர் இடித்தார். தன் கைப்பொருள் போகிறதே என்று மஞ்சள் ஹெல்மெட்டுக்குக் கீழே அந்த முகம் வாடியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. புதிதாக எழும்பிய சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, வெள்ளை ஹெல்மெட் மஞ்சளுக்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுதியது. எனக்கும் ஒரு நகல் வந்தது.

இந்த அளவில் புயல் வந்து சேர்ந்தது. அதாவது, பரமத்தி வேலூரிலிருந்து வெற்றிலைக் கட்டும் வாழைத்தாருமாக என் மாமனார் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

வெற்றிலைக் கொடிக்காலில் வாழ்க்கை முழுக்க நின்றவர். யாரும் அவர் பேச்சைத் தட்டியதில்லை. வீட்டைச் சுற்றி வந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மேலே பார்த்து, தண்ணீர்த் தொட்டி ஏன் படிக்கட்டுக்கு மேலே வருகிறது, கன்னி மூலையில் அல்லவா இருக்கவேண்டும் என்றார். கன்னி மூலை என்றால் தென்மேற்கு மூலை. அங்கேதான் வீட்டின் பாரம் நிற்கவேண்டும் என்பது அவர் ஊர்க் கணக்கு.

எங்கள் வீட்டுத் தென்மேற்கில் இருந்தது போர்ட்டிகோ. அதுவும் சுமதி ஆசைப்பட்டுக் கேட்ட போர்ட்டிகோ, ஒரு தூண்கூட இல்லாமல் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும் சிலாப். அதன் மேல் தண்ணீர் நிரம்பிய தொட்டியை வைத்தால் தாங்காது, வைக்கவேண்டுமானால் கீழே ஒரு தூண் வேண்டும் என்றார் கண்டிஷன். தூண் வந்தால் வாசலுக்கு நேராக வந்து நிற்கும். வாசலை மறித்துத் தூண் நிற்பது அதைவிடப் பெரிய தோஷம் என்றார் மாமனார்.

"தொட்டி அங்கதான் வரோணும். தூணு வரக் கூடாது. அவ்வளவுதானுங்க தம்பி" என்றார். அது நடக்காவிட்டால் புதுமனை புகுவிழாவுக்கு வரமாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். சுமதி அழ ஆரம்பித்தாள்.

"எங்கப்பா வராத ஊட்டுல நான் பால் காய்ச்ச மாட்டேனுங்க" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரு பக்கம் சிலாப், இன்னொரு பக்கம் மாமனார். ஏதாவது ஒன்றுக்குச் சேதாரம் வராமல் எனக்கு வீடு கிடையாது என்று ஆகிவிட்டது.

குலதெய்வத்திடம் பூக் கேட்டுவிடலாம் என்று மாமனார் முடிவு செய்தார். எங்கள் பக்கத்தில் இது சகஜம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் அம்மன் முன்னால் வைத்து, எந்தப் பூ வந்தால் என்ன அர்த்தம் என்று மனதில் நினைத்துக்கொண்டு பூசாரியை ஒன்றை எடுக்கச் சொல்வது. எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பதை முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று கண்டிஷன் கெஞ்சினார். ஆத்தாளிடம் பேப்பரை நீட்டச் சொல்கிறாயா என்று மாமனார் எரிந்து விழுந்தார். அவரும் மாமியாரும் மட்டும் போனார்கள்.

வெள்ளைப் பூ வந்தது. வெள்ளை என்றால் தொட்டியை மாற்று என்று மாமனார் நினைத்திருந்தார். வெள்ளை என்றால் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று மாமியார் நினைத்திருந்தார். கோயில் வாசலில் தொடங்கிய சண்டை நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் சேர்த்து, சூரமங்கலத்தில் எங்கள் ஹாலில் வந்து இறங்கியது. இருவரும் நியாயம் கேட்டது கண்டிஷனிடம். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. வாசகம் தெளிவாக இல்லாவிட்டால் அதை எழுதினவருக்கு எதிராகத்தான் அர்த்தம் எடுக்கவேண்டும், கேள்வி கேட்க முடிவு செய்தது மாமா, எனவே மாமாவுக்கு எதிராகத் தீர்ப்பு என்றார். மாமியார் அன்றைக்கு அவருக்குக் கூடுதலாக நெய் ஊற்றினார்.

மாமனார் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் கேட்கவேண்டும் என்றார். இந்த முறை கண்டிஷனும் கூடவே வந்தார், நானும் போனேன். அம்மன் முன்னால் நின்று மாமனார் உரக்கச் சொன்னார்: வெள்ளை வந்தால் தொட்டி கன்னி மூலையில் இருக்கவேண்டும், சிவப்பு வந்தால் வேண்டாம். கண்டிஷன் அவரைப் பார்த்து, "கேள்வி இவ்வளவுதானுங்களா? வேற எதும் சேக்கோணுமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆத்தாளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது, இது போதும் என்றார் மாமனார்.

கண்டிஷன் அப்புறம் பூசாரியிடம் திரும்பினார். அம்மன் இப்போது டிசைன் சொல்கிறாளா, அல்லது ஓனரின் விருப்பத்தை ஆமோதிக்கிறாளா, பின்னால் ஏதாவது ஆனால் யாரிடம் பேசுவது என்று கேட்டார். பூசாரி தட்டைக் கீழே வைத்தார். "பூவ எடுத்துக் கையில குடுக்கறதோட எம்பட வேலை முடிஞ்சுதுங்க" என்றார். தன் பொறுப்பின் எல்லையை இவ்வளவு சுத்தமாகத் தெரிந்து வைத்திருக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கண்டிஷன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெள்ளை வந்தது.

மறுநாளே கண்டிஷன் ஒரு பேப்பர் கொண்டுவந்தார். இந்த மாற்றம் வீட்டுக்காரர் சொல்லிச் செய்வது, இதனால் எது நேர்ந்தாலும் கட்டுகிறவர் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். பத்திரத்தில் மட்டும்தான் நான் ஓனர் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் மாமனாரும் போட்டார். ஆக, கண்டிஷனின் தொழில் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு விஷயத்தில் அவருக்குப் பொறுப்பே இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு மனுஷர் ஆளே மாறிவிட்டார். குழுவில், கையெழுத்து வாங்கியாகிவிட்டது, கட்டிவிடலாம் என்று கான்ட்ராக்டர் எழுதினார். மறுநாள் இன்ஜினியர் குழுவை விட்டு வெளியேறினார். இந்த முறை யாரும் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. சைட்டுக்குப் போனால் மணல் குவியல் மேல் வெறுந்தலையோடு உட்கார்ந்து போர்ட்டிகோவையே பார்த்துக்கொண்டிருப்பார். மஞ்சளுக்குப் பரிந்து பேசும் அந்தச் சித்தாளம்மா, சாப்பிடுங்க சாமி என்று தூக்குப்போசியை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது கன்னி மூலையில், போர்ட்டிகோ சிலாப்புக்கு மேலே, கறுப்பாகப் பெரிய தொட்டி உட்கார்ந்திருந்தது. கீழே தூண் இல்லை. அன்றிலிருந்து செருப்பைக்கூட போர்ட்டிகோவுக்கு வெளியே கழற்றிவிட்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்குள் நுழைவேன். கேட்டால் கண்டிஷன் பேச்சை மாற்றிவிடுவார். மஞ்சள் ஜெயித்துவிட்டது என்று நினைத்து வருத்தப்பட்டேன்.

புதுமனை புகுவிழா அன்று மாமனார் பட்டு வேட்டி சரசரக்க வந்தார். சுமதி பால் காய்ச்சினாள். பொங்கியது. சொந்தக்காரர்கள் எல்லோரும் போர்ட்டிகோவில் நெருக்கியடித்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் மட்டும் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பொட்டு வைக்க மாடியேறினார். நானும் கண்டிஷனும் பின்னால் போனோம். பொட்டு வைத்துவிட்டு, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் தொட்டியைத் தட்டினார்.

டொம் என்றது.

மறுபடியும் தட்டினார். மறுபடியும் டொம். சுற்றிப் போய்ப் பார்த்தார். தொட்டியிலிருந்து ஒரு பைப் கிளம்பிச் சுவர் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், படிக்கட்டு அறைக்கு மேலே, கைப்பிடிச் சுவர் மறைவில், படத்தில் இருந்த அதே இடத்தில் இன்னொரு தொட்டி அடக்கமாக உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குத் தண்ணீர் அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

மாமனார் முகம் சிவந்தது. ஆத்தாள் வாக்கை மீறினாயா என்றார்.

"இல்லீங்க பெரியவரே. ஆத்தாகிட்ட நீங்க தொட்டியப் பத்தித்தானுங்க கேட்டீங்க. தொட்டி கன்னி மூலையிலதான் இருக்குது. தண்ணியப் பத்தி நீங்க கேக்கவே இல்லீங்களே."

மாமனார் பேச வாயெடுத்தார். கண்டிஷன் அவரை முந்திக்கொண்டார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"உங்க கையெழுத்து எங்கிட்ட இருக்குதுங்க. இதுல தண்ணிய ரொப்பி, சிலாப்பு உளுந்துச்சுன்னா நான் தப்பிச்சுக்குவேன். கீழ நிக்கறவங்க தப்பிக்க மாட்டாங்களே."

கீழேயிருந்து சுமதி சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமனார் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். மகள், பேரன்கள், சம்பந்தி வீட்டார், பரமத்தி வேலூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் எல்லோரும் அந்த சிலாப்புக்கு அடியில்தான் நின்றார்கள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த மிச்சக் குங்குமத்தைக் கண்டிஷன் நெற்றியில் அழுத்தி வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

கீழே யாரோ பங்காளி தொட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். "ரொம்பி நிக்குதப்பா" என்றார் மாமனார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதும் அன்றைக்குத்தான். பந்தியில் கண்டிஷனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அந்தக் கையெழுத்துப் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிடு தம்பி என்று காதோடு சொன்னார். ரெக்கார்டைக் கிழிக்கக் கூடாது என்றார் கண்டிஷன். அதை ரத்து செய்வதாக இன்னொரு பேப்பர் எழுதி, பாயசம் வருவதற்குள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்.

குறை வந்தால் சரிசெய்து தரவேண்டிய ஒரு வருஷமும் முடிந்தது. முடிந்த அன்று கண்டிஷன் வந்து, இத்துடன் என் பொறுப்பு தீர்ந்தது என்று ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கண்டிப்பான ஆள், இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. வாசலில் ஸ்கூட்டர் சத்தம். பார்த்தால் கண்டிஷன், போர்ட்டிகோ சிலாப்புக்கு அடியில் நின்று அண்ணாந்து மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பொறுப்பு முடிந்துவிட்டதே என்றேன்.

"அது முடிஞ்சுதுங்க. நான் சும்மா மழைக்கு ஒதுங்குனனுங்க" என்றார்.

தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். அவர் வீடு ஊரின் மறுகோடியில். வருகிற வழியில் ஒதுங்குவதற்குக் கடைகளும் மேம்பாலமும் எத்தனையோ உண்டு. இப்போதும் ஒவ்வொரு பெருமழைக்கும் அவர் அப்படி எங்கள் வீட்டுக்கு ஒதுங்க வருகிறார். தூறல் வலுத்தால் சுமதி துண்டை எடுத்து வைக்கிறாள், நான் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொள்கிறேன்.